கேம் சென்டர் சிஎக்ஸ்: ஒருவர் தோற்றுக்கொண்டே இருப்பதை ஏன் மணிக்கணக்கில் பார்க்கிறோம்?

பழையகேசட்

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது.

2003 நவம்பர் 4 அன்று ஜப்பானில் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. பெயர் கேம் சென்டர் சிஎக்ஸ். ஃபுஜி டிவியின் கட்டணச் சேனலான ஃபுஜி டிவி 721-இல் வந்தது. 2009-இல் அந்தச் சேனல் ஃபுஜி டிவி ஒன் என்று பெயர் மாறியது, நிகழ்ச்சி நிற்கவில்லை. 20 ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

நிகழ்ச்சியில் என்ன நடக்கும் என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஷின்யா அரினோ என்ற நகைச்சுவைக் கலைஞர் ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்து பழைய வீடியோ கேம் ஒன்றை ஆடுவார். முடிவுக் காட்சியைப் பார்க்கும்வரை விடாமல் முயல்வார். தொழிற்சாலை மேற்பார்வையாளர் மாதிரி ஒரு சீருடைச் சட்டை, டை. நேரம் போகப் போகத் தலை சூடாகிவிடும். அப்போது காய்ச்சல்காரர்கள் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் குளிர்பட்டை ஒன்றை எடுத்து ஒட்டிக்கொள்வார். அந்தப் பட்டை வந்துவிட்டால் ஆட்டம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அவர் கெட்டிக்கார ஆட்டக்காரர் கிடையாது. நம் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட வருகிற பையன் எப்படி ஆடுவானோ அப்படித்தான் ஆடுவார். ஒரே குழியில் பதினைந்து முறை விழுவார். பதினாறாவது முறை தாண்டும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இன்றைக்கு இணையத்தில் எந்த ஆட்டத்தையும் ஒரு அடி கூட வாங்காமல் முடித்துக் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து வியக்கிறேன், ஆனால் எழுந்து நின்றதில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

நேர்மையாட்டம்

எனக்கும் நிகழ்ச்சி பிடிக்கும் நண்பா. ஆனால் ஒரு உறுத்தல் உண்டு, சொல்லிவிடுகிறேன். அரினோ சிக்கிக்கொண்டால் ஏடி என்கிற உதவி இயக்குநர் உள்ளே வருகிறார். வெள்ளைப் பலகையில் வரைபடம் போட்டுப் பாடம் எடுக்கிறார். சில சமயம் கன்ட்ரோலரையே வாங்கி அந்தக் கட்டத்தைத் தாண்டிக் கொடுத்துவிடுகிறார். பிறகு முடிவுக் காட்சி வரும்போது எல்லோரும் கை தட்டுகிறார்கள். இதை எப்படி அவருடைய வெற்றி என்று சொல்வது? நான் சின்ன வயதில் நிஞ்ஜா ர்யூகென்டென் என்ற ஆட்டத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவன். கடைசிப் பெரிய எதிரியிடம் செத்தால் 6-4 என்ற கட்டத்தில் இருந்து தூக்கி 6-1-க்கு எறிந்துவிடும். அந்த வலியை யாரும் எனக்காகத் தாண்டிக் கொடுக்கவில்லை.

ரெண்டாம்கன்ட்ரோலர்

எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், எனவே இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் கன்ட்ரோலர் எப்போதும் அண்ணன் கையில். எனக்கு வருவது இரண்டாவது. நான் சிக்கிக்கொண்டால் “குடு இங்க” என்று பிடுங்கித் தாண்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த ஆட்டத்தின் முடிவை நான் பார்த்தது அவனால்தான். பள்ளிக்கூடத்தில் “நாங்க முடிச்சுட்டோம்” என்றுதான் சொன்னேன். “நான்” என்று சொல்லத் தோன்றவே இல்லை. ஏடி உள்ளே வரும் காட்சியில் எனக்கு ஏமாற்று எதுவும் தெரியவில்லை, அண்ணன் வந்து பாயில் உட்காருவதுதான் தெரிகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள் நண்பரே. ஏடி எடுத்தவுடனே வருவதில்லை. மணிக்கணக்கில் அவரைத் தவிக்க விட்டு, வேறு வழியே இல்லை என்று ஆன பிறகுதான் கதவு திறக்கிறது. வருகிற ஏடி சில சமயம் தானும் செத்துப்போவார்!

ஒசாகாகாற்று

நான் சில ஆண்டுகள் ஜப்பானிய மொழி படித்தவள். இந்த நிகழ்ச்சி ஏன் நகைச்சுவை நிகழ்ச்சி என்று அழைக்கப்படுகிறது என்று ஒரு கோணம் சொல்கிறேன்.

அரினோ 1972-இல் ஒசாகா மாகாணத்தின் ஹிகாஷி ஒசாகாவில் பிறந்தவர். மசாரு ஹமகுச்சியோடு சேர்ந்து யொய்கோ என்ற இரட்டையர். அந்த ஊர்ப் பக்கத்து இரட்டையர் நகைச்சுவையில் இரண்டு வேடங்கள் இருக்கும். ஒருவர் கோணங்கித்தனமாக ஏதாவது சொல்வார், செய்வார்; அவர் பொகே. இன்னொருவர் “என்னப்பா இது” என்று இடைமறித்துத் திருத்துவார், அவர் சுக்கோமி. நம் படங்களில் கவுண்டமணி செந்திலை என்ன செய்கிறாரோ, ஏறக்குறைய அந்த வேலை. யொய்கோவில் ஹமகுச்சி பொகே, அரினோ சுக்கோமி.

இந்த அறையில் ஹமகுச்சி இல்லை. அப்படியானால் பொகே யார்? ஆட்டம்தான்! 1980-களின் ஆட்டங்கள் கேட்பாரற்ற கோணங்கித்தனம் நிறைந்தவை. காரணமே இல்லாமல் வானத்தில் இருந்து ஒரு பறவை வந்து இடித்துத் தள்ளும். திறந்த கதவு உங்களைத் தொடக்கத்துக்கே கொண்டுபோகும். அரினோ அதைப் பார்த்து, எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது போலத் தாழ்ந்த குரலில் பேசுவார், கேட்பார், குறைப்படுவார். கத்த மாட்டார், கன்ட்ரோலரை எறிய மாட்டார். 30 ஆண்டு பழைய நிரல் ஒன்று அவரோடு மேடையேறி நடிக்கிறது. திறமைசாலி ஆடினால் இந்த நாடகமே நடக்காது, ஏனென்றால் அவர் அந்தப் பறவையை முன்பே அறிந்திருப்பார்.

முதல் சவாலுக்கு எடுத்த ஆட்டத்தைப் பாருங்கள். தகேஷி நோ சோசென்ஜோ. 1986-இல் டைட்டோ வெளியிட்டது, பீட் தகேஷி என்று அறியப்படும் நகைச்சுவைக் கலைஞரும் இயக்குநருமான தகேஷி கிட்டானோ யோசனை கொடுத்தது. கதாநாயகன் ஒரு சம்பளக்காரன். வேலையை விட வேண்டும், மனைவியை விவாகரத்து செய்ய வேண்டும், நின்டெண்டோவின் விளையாட்டுப் பெட்டியான ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் இருக்கும் மைக்கில் கரோக்கே பாட வேண்டும். ஒரு கட்டத்தில் புதையல் வரைபடத்தில் படம் தெரிய வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் பொத்தான் எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். விளையாடுகிறவரை வேண்டுமென்றே வதைக்கும் ஆட்டம் அது. சோசென்ஜோ என்றால் சவால் ஓலை. அந்த ஓலையை வாங்கிக்கொண்டுதான் இந்த நிகழ்ச்சி பிறந்தது. பிற்பாடு நிகழ்ச்சியின் பெயரில் நின்டெண்டோ டிஎஸ் என்ற இரண்டு திரைக் கைக்கருவிக்கு வந்த ஆட்டத்துக்கும் அரினோ நோ சோசென்ஜோ என்றே பெயர் வைத்தார்கள்.

ரெண்டாம்கன்ட்ரோலர்

அக்கா, அந்த இரண்டாவது கன்ட்ரோலர் மைக் விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் ஆடிய நகல் பெட்டியில் மைக் கிடையாது. என் பெயருக்கு இவ்வளவு மரியாதை உண்டு என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். மிக்க நன்றி!

திரைத்தொகுப்பு

தொழிலில் நான் படத்தொகுப்பாளர். என் கண்ணுக்குப் பட்டதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஒருவர் பத்து மணி நேரம் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடியதை ஒரு மணி நேரத்துக்குக் குறைக்க வேண்டும். தொகுப்பு மேசையில் இதைவிடக் கொடுமையான பொருள் கிடைக்காது. இடம் மாறாது, ஆள் மாறாது, வெளிச்சம் மாறாது. எல்லாத் தோல்வியும் ஒரே மாதிரி இருக்கும். வேறு யாராக இருந்தாலும் தோல்விகளை வெட்டிவிட்டு வெற்றிகளை மட்டும் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இவர்கள் தோல்விகளைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எண்ணி வைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் விழுவதை நான்கு முறை விரைவாகக் காட்டுவார்கள், ஐந்தாவது முறை முழுதாக ஓடவிடுவார்கள். அந்த ஐந்தாவது முறையில் அவர் முகத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். உதட்டைக் கடிப்பார், அல்லது பேச்சை நிறுத்திவிடுவார். தொகுப்பாளர் தேடி எடுத்தது அந்த முகத்தைத்தான்.

அப்புறம் அந்தப் பின்னணிக் குரல். நிகழ்ச்சியை உருவாக்கிய தயாரிப்பாளர் சுயோஷி கான் தானே பேசுகிறார். செய்திப்படத்துக்குரிய தீவிரத்தோடு, ஒரு மலையேற்றத்தை விவரிப்பது போலப் பேசுவார். அரினோவுக்கு இன்னும் தெரியாத ஒன்றை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்: அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு கூடுதல் உயிர், அதாவது இன்னொரு வாய்ப்பு, இருக்கிறது, அவர் கவனிக்காமல் கடந்துவிட்டார். இனி இருபது நிமிடம் நாம் அந்த உயிரை நினைத்துக்கொண்டே பார்ப்போம். நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் வந்து நடக்கப்போவதைச் சொல்லிவிட்டுப் போவாரே, அதே உத்தி. தெரிந்த பிறகுதான் பதைப்பு கூடுகிறது.

திரையில் ஓடும் நேரக் கணக்கையும் மறக்காதீர்கள். மதியம் தொடங்கினார் என்பது நினைவில் இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஆறு மணி நேரம் போயிருக்கும். அவர் சோர்ந்திருப்பதை அந்த எண் சொல்லிவிடும், வசனம் எதற்கு?

நேர்மையாட்டம்

தொகுப்பாளர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ரெண்டாம்கன்ட்ரோலர் சொன்ன “நாங்க முடிச்சுட்டோம்” கூட நேற்று இரவு முழுதும் மனதில் ஓடியது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உதவி இல்லாமல் அவர் தோற்றுப்போன நாட்களும் உண்டே, அவற்றை அப்படியே தோல்வி என்று ஒளிபரப்புகிறார்களா?

பழையகேசட்

ஒளிபரப்புகிறார்கள், அதுதான் எனக்கு இந்த நிகழ்ச்சி மேல் இத்தனை மரியாதை. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு முடிப்பார். சில ஆட்டங்களுக்கு இன்னொரு நாள் திரும்பி வருவார்.

மைட்டி பாம்ப் ஜாக் கதையைச் சொல்கிறேன். 1986-இல் டெக்மோ வெளியிட்ட ஆட்டம். குதிப்பது, பெட்டியைத் திறப்பது, அவ்வளவுதான். ஆனால் ஆட்டத்துக்குள் ஒரு தண்டனை உண்டு: அளவுக்கு மேல் நாணயம் சேர்த்தால் உங்களைச் சித்திரவதை அறைக்குத் தூக்கிப் போடும். பேராசைப்பட்டால் தண்டனை! அரினோ இந்த ஆட்டத்திடம் தோற்றார். கடைசியில் 2006-இல் ஒரு மேடையில், அரங்கு நிறைந்த ரசிகர்கள் முன்னால் அமர்ந்து அதை மறுபடி எடுத்தார். ஒற்றை அறையில் தொடங்கிய தவிப்பை ஒரு அரங்கமே சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்த மாலையை வைத்து 2014-இல் ஒரு திரைப்படமே எடுத்தார்கள். ஒரு பக்கம் 2006 மேடை, இன்னொரு பக்கம் 1986-இல் தன் மைட்டி பாம்ப் ஜாக் கேசட்டை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற அலையும் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். இரவல் கொடுத்த கேசட் திரும்பி வராத துக்கம் நமக்குத் தெரியாததா?

மேடையில் என்ன ஆனது என்று சொல்ல மாட்டேன். பாருங்கள்.

ரெண்டாம்கன்ட்ரோலர்

கேசட் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 90-களில் இங்கே ஆடிய பலருக்கும் ஃபேமிகாம் என்ற பெயரே தெரியாது. டிவி கேம் என்போம். அது ஃபேமிகாமின் நகல் என்பதும் தெரியாது. ஒரே கேசட்டில் 9999 ஆட்டம் என்று எழுதியிருக்கும், திரும்பத் திரும்ப அதே இருபது முப்பதுதான் வரும். பட்டியலில் பெயர்கள் சிதைந்து கிடக்கும். யார் செய்தது, எந்த ஆண்டு, எதுவும் கிடையாது.

இலை உடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கல் கோடாரி எறிந்தபடி ஓடுவாரே ஒரு குண்டு மனிதர், பழம் தின்னாவிட்டால் செத்துப்போவார், நினைவிருக்கிறதா? அவர் உண்மையான ஒரு மனிதர் என்பது இந்த நிகழ்ச்சியைச் சுற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. தகஹாஷி மெய்ஜின். ஹட்சன் நிறுவனத்தின் ஊழியர், ஒரு நொடிக்கு 16 முறை பொத்தானை அழுத்துவார் என்று ஜப்பானியச் சிறுவர்கள் கொண்டாடிய ஆள். வெளிநாடுகளுக்குப் போனபோது அந்தக் கதாபாத்திரத்தின் பெயரை மாஸ்டர் ஹிக்கின்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு அந்தப் பெயரும் வரவில்லை. “தொப்பி மாமா” என்றுதான் கூப்பிட்டோம்.

இந்த நிகழ்ச்சியின் தொடக்க கால அத்தியாயங்களில் அரினோ ஆட்டம் செய்தவர்களை நேரில் போய்ச் சந்தித்துப் பேசினார். உண்மையில் சவால் பகுதி அப்போது ஒரு ஓரத்துப் பகுதிதான், பிறகுதான் அது வளர்ந்து நிகழ்ச்சியையே நிறைத்தது. முகம் தெரியாமல் நாங்கள் ஆடிய ஆட்டங்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களை முப்பது வயதுக்கு மேல் அப்படிப் பார்த்தேன். எப்படிச் சொல்வது, யாரோ ஊட்டி வளர்த்தவர்களைத் தாமதமாகக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

ஒசாகாகாற்று

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு, யாரும் குறிப்பிடவில்லையே. தமகே. “எப்போதாவது போவதென்றால் இப்படி ஒரு கேம் சென்டருக்கு” என்ற பொருளில் வரும் நீளமான பெயரின் சுருக்கம். அரினோ பழைய கேம் சென்டர்களைத் தேடிப் போவார். வெந்நீர் ஊற்று விடுதியின் மூலையில் தூசி படிந்து நிற்கும் இயந்திரங்கள், பல்பொருள் அங்காடியின் மாடி, சிறுவர்களுக்கு மலிவு மிட்டாய் விற்கும் தகாஷியா என்ற பெட்டிக்கடை. 10 யென் நாணயத்தை விரலால் சுண்டி ஓட்டும் ஆட்டமெல்லாம் அங்கே இன்னும் இருக்கும். கடைக்காரப் பாட்டியிடம் பேசுவார், ஏதாவது வாங்கித் தின்பார், தோற்பார், கிளம்புவார்.

இவற்றில் பல கடைகளை நடத்துகிறவர்கள் வயதானவர்கள். கடைக்குப் பின் கடையாக மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஆவணப்படக்காரர் கேமராவோடு போயிருந்தால் அந்தப் பாட்டி இவ்வளவு இயல்பாகப் பேசியிருக்க மாட்டார். நூறு யென்னுக்குச் சில்லறை கேட்டு வந்த ஒரு நல்ல மனிதரிடம் பேசியிருக்கிறார். இந்தப் பதிவுகள் பிற்காலத்தில் பெரிய பொக்கிஷமாக இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

புதுவரவு

வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே வருகிறேன், இப்போதுதான் எழுதுகிறேன். ஜப்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? அவரை “கச்சோ” என்று கூப்பிடுகிறார்களே, அது என்ன?

ஒசாகாகாற்று

வாருங்கள். கச்சோ என்றால் அலுவலகத்தில் ஒரு பிரிவுத் தலைவர். நிகழ்ச்சி ஒரு கம்பெனி மாதிரி பாவனை செய்கிறது. அரினோ சாதாரண ஊழியராகத் தொடங்கி, பதவி உயர்வு பெற்றுக் கச்சோ ஆனார். பார்க்கிறவர்களும் ஏடிக்களும் இன்றுவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஜப்பானில் ஒரு நடுத்தர வயது அலுவலக மனிதர் எத்தனை மணிக்கு வீடு போவோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது அன்றாடக் காட்சி. சீருடை போட்ட ஒருவர் இரவு பத்து மணிக்குக் குளிர்பட்டையோடு மாரியோ ஆடிக்கொண்டிருப்பது அங்கே எவ்வளவு நெருக்கமாகப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மொழி பற்றிக் கவலை வேண்டாம். ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் சொந்த நேரத்தைக் கொடுத்து ஆங்கில உபதலைப்பு செய்திருக்கிறார்கள். ரெட்ரோ கேம் மாஸ்டர் என்ற பெயரில் சில அத்தியாயங்கள் அமெரிக்காவில் முறையாகவும் வெளியாயின.

பழையகேசட்

தொடங்க அட்லாண்டிஸ் நோ நாசோ அத்தியாயம் சரியாக இருக்கும். சன்சாஃப்ட் 1986-இல் வெளியிட்டது. 100 மண்டலங்கள். எந்தக் கதவு எங்கே கொண்டுபோகும் என்று ஆட்டம் சொல்லவே சொல்லாது. கையில் இருக்கும் டைனமைட்டை வீசினால் பாதி நேரம் நம்மையே கொல்லும். இதில் 42-ஆவது மண்டலத்துக்குக் கருந்துளை என்று பெயர். நுழைந்தால் விழுந்துகொண்டே இருப்பீர்கள், தப்ப வழியே இல்லை, இருக்கும் உயிரெல்லாம் போகும். அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கும் அரினோவைப் பார்க்கும்போது நமக்கு நிகழ்ச்சி முழுதும் புரிந்துவிடும்.

திகில் பிடிக்கும் என்றால் க்ளாக் டவர். 1995-இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்தது. பெரிய கத்தரிக்கோலோடு துரத்தும் ஒருவன், நார்வேயில் ஒரு மாளிகை. அரினோ உண்மையாகவே பயப்படுகிறார்.

ஆட ஆசை என்றால் மேலே அக்கா சொன்ன டிஎஸ் ஆட்டம். 2007-இல் ஜப்பானில் வந்தது, இன்டீஸ்ஜீரோ செய்தது, 2009-இல் ரெட்ரோ கேம் சேலஞ்ச் என்று ஆங்கிலத்தில் வந்தது. உள்ளே இருக்கும் ஆட்டங்கள் எல்லாம் புதிதாகச் செய்தவை, ஆனால் 80-களில் நிஜமாகவே வந்தவை என்று சத்தியம் செய்யலாம், அவ்வளவு நுணுக்கம். மேல் திரையில் ஆட்டம் ஓடும். கீழ்த் திரையில் ஒரு வீட்டுக் கூடம். நீங்கள் சிறுவனாக டிவி முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள், பக்கத்தில் சிறுவன் அரினோ. நீங்கள் செத்தால் வருத்தப்படுவான், ஜெயித்தால் கத்துவான். அலமாரியில் கேம் பத்திரிகைகள் இருக்கும், புரட்டினால் ரகசியக் குறிப்புகள் கிடைக்கும். நான் அந்தக் கீழ்த் திரையைத்தான் அதிகம் பார்த்தேன்.

நேர்மையாட்டம்

அந்த டிஎஸ் ஆட்டத்தை நானும் ஆடியிருக்கிறேன். பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு தெம்பு என்று அதில்தான் உணர்ந்தேன். நிஞ்ஜா ர்யூகென்டெனை நான் தனியாக ஆடிய அந்த மாதங்களில் பக்கத்தில் யாருமே இல்லை. அதனால்தான் ஏடி மேல் அப்படி ஒரு கோபம் வந்ததோ என்று இப்போது நினைக்கிறேன். உறுத்தல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரினோ அந்த ஆட்டத்தை ஆடிய அத்தியாயத்தை மறுபடி பார்க்கப்போகிறேன்.

திரைத்தொகுப்பு

பார்த்துவிட்டு எழுதுங்கள் நண்பரே. ஏடி அறைக்குள் வரும் நேரத்தில் கேமரா எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். திரையைக் காட்டுவதை நிறுத்திவிட்டு இருவர் முதுகையும் சேர்த்துக் காட்டுவார்கள்.

புதுவரவு

அட்லாண்டிஸ் பார்த்துவிட்டேன்! நானும் அண்ணனும். அவர் வேறு ஊரில் இருக்கிறார், போனைப் பேச்சில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓட்டினோம். அரை மணி நேரம் மட்டும் பார்க்கலாம் என்றுதான் தொடங்கினார். கருந்துளைப் பக்கம் போனபோது “அதுல போகாதய்யா” என்று அவர் போனில் கத்தியதில் அண்ணி எழுந்து வந்துவிட்டார். முடிவில் என்ன ஆனது என்று நானும் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஞாயிறு இரவு நிஞ்ஜா ர்யூகென்டென். நேர்மையாட்டம் அண்ணா, நீங்களும் அன்றைக்குத்தான் பார்ப்பதாக இருந்தால் நேரத்தைச் சொல்லுங்கள், ஒன்பது மணிக்கு ஓட்டலாம்.

நேர்மையாட்டம்

ஒன்பது சரி.